நான் கேட்டு வாங்கிய ரவுட்டர்

செப்டம்பர் 1, திங்கள்

இன்றும் நெட் சண்டை. வினோத் அண்ணன் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறான். மீட்டிங் நடுவில் அவனுடைய மேக் லேப்டாப்பில் எல்லார் முகமும் அப்படியே நின்றுவிட்டதாம். "ஓட்டை ரவுட்டர்" என்று கத்தினான். புதுசு வாங்கப் போகிறார்கள்.

எனக்கு ஒரே கவலைதான். வேலுத்தாய் அக்கா விட்டுப்போன லேப்டாப் ரொம்பப் பழசு. புது ரவுட்டரில் ஏறுமா?

பாடம் படிக்கத்தான் அதை எனக்குக் கொடுத்தார்கள். நான் அதில் அக்காவிடம் பேசுகிறேன். டைப் அடித்து, சத்தமில்லாமல். பேசி முடித்ததும் அழித்துவிடுவேன். என்னிடம் போன் கிடையாது.

அவள் தானே கல்யாணம் பண்ணிக்கொண்டு போய் இரண்டு வருஷம். வீட்டில் யாரும் அவள் பேரைச் சொல்வதில்லை. "எந்த ஊருன்னு மட்டும் தெரியட்டும்" என்பான் அண்ணன். அதற்கு மேல் சொல்ல மாட்டான். அதுதான் பயம். ஊர் பேரை இந்த நோட்டிலும் எழுத மாட்டேன்.

செப்டம்பர் 3, புதன்

அக்காவுக்குப் பிரசவத்துக்கு இருபத்தாறாம் தேதி என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருக்கிறார்கள். "பயமா இருக்குட்டி. நீயாச்சும் தெனமும் வா" என்று டைப் அடித்தாள். வருவேன் என்றேன்.

செப்டம்பர் 6, சனி

ஸ்ரீவில்லிபுத்தூரில் வைகுண்டராஜ் அண்ணாச்சி கடை. ரெக்கார்டு நோட்டு வாங்கணும் என்று பொய் சொல்லி அப்பாவோடும் அண்ணனோடும் நானும் போனேன்.

"வீட்ல என்னென்ன மெஷினு இருக்கு?" என்றார் அண்ணாச்சி. அண்ணன் தன் மேக்கை மட்டும் சொன்னான். அவர் ஒரு பெட்டியை எடுத்துக் காட்டினார். "இது பறக்கும். ஆனா பழைய மெஷினு ஏறாம மக்கர் பண்ணும், பாத்துக்கோங்க."

"அது போதும்" என்றான் அண்ணன்.

என் வாய் தானாகத் திறந்தது. "அப்பா பில் போடுத கம்ப்யூட்டரும் பழசுதானே. பழசும் ஏறணும், புதுசும் ஏறணும். பழசுக்கு ஒண்ணு, புதுசுக்கு ஒண்ணுன்னு ரெண்டு பேண்டும் தனித்தனியா வரணும்."

அண்ணாச்சி சிரித்தார். "பாப்பா வெவரமால்லா கேக்கு! ஏலே வினோத்து, கம்பெனிக்கு அவளை அனுப்பிரு."

அண்ணன் சிரிக்கவில்லை. "ஒனக்கு எப்பிடிட்டி இதெல்லாம் தெரியும்?"

பாடத்தில் வருது என்றேன்.

பேண்டேஜ் துணி வியாபாரம் பண்ணும் அப்பாதான் பேச்சை முடித்தார். "பில்லு நின்னா பேண்டேஜ் துணி லோடு நிக்கும். பிள்ளை சொல்லுததையே எடுங்க."

பணம் கட்டி வாங்கிய பிறகு அண்ணாச்சி சொல்கிறார்: "இதுல இன்னொரு வசதி. எந்த மெஷினு வருது, எது போவுதுன்னு போன்லயே பேரோட பாத்துக்கிடலாம்." முதலில் காட்டியதில் அது கிடையாதாம்.

நானே கேட்டு வாங்கினேன். நானே.

செப்டம்பர் 10, புதன்

பெட்டி சாமி படத்துக்கு முன்னால் இருக்கிறது. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துத்தான் பிரிக்கணுமாம். இன்னும் இரண்டு நாள்.

செப்டம்பர் 12, வெள்ளி

இன்று நடந்ததை எழுதணும்.

காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன்னால் மாட்டினான். எல்லா மெஷினையும் அவனே ஏற்றினான், என்னுடையதையும். அப்புறம் போனைப் பார்த்து உரக்கப் படித்தான். "வினோத் மேக். அப்பா சிஸ்டம். அம்மா போன். வேலுத்தா—"

நின்றுவிட்டான்.

லேப்டாப் கிடைத்த அன்றே அக்கா அதற்குத் தன் பேரை வைத்திருக்கிறாள். இரண்டு வருஷமா அதுலதான் தட்டுறேன். எனக்குத் தெரியவே தெரியாது. பழைய ரவுட்டர் யார் பேரையும் காட்டினதில்லையே.

"இந்தப் பேரு என் நெட்டுல வரக்கூடாது" என்றான்.

"பேரை மாத்திக்கிடலாம்ணே."

"பிளாக் பண்ணுதேன்."

"பண்ணாதண்ணே, இந்த மாசம் அவளுக்குப் பிரசவம்ணே—"

சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்? அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எந்த ஊரு? சொல்லுட்டி." தெரியாது என்றேன். அடித்தான். தெரியாது. மறுபடி அடித்தான். தெரியாதுண்ணே.

லேப்டாப்பை அரை மணி நேரம் நோண்டினான். ஒன்றும் கிடைக்கவில்லை. அப்பா அதை அவன் கையிலிருந்து வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்பா அக்காவை ஒருநாளும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அது அவருடைய அம்மா பேர். "ஆத்தா" என்றுதான் கூப்பிடுவார்.

செப்டம்பர் 13, சனி

அக்கா நம்பரை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று மனப்பாடம்கூடப் பண்ணவில்லை. அந்த லேப்டாப்பில் மட்டும்தான், ஒரு தோழி பேரில் ஒளித்து வைத்திருந்தேன். அம்மா போனுக்கு அவள் கூப்பிட்டால் அண்ணன்தான் எடுப்பான். கூப்பிடாதே அக்கா.

தினமும் வருவேன் என்று சொன்னேன்.

செப்டம்பர் 18, வியாழன்

நெட் நன்றாக வருகிறது. நிற்பதே இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று இருபத்தாறு. வேதியியல் பரீட்சை. பேரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. பில் கம்ப்யூட்டர், பிரிண்டர், அண்ணனுடைய மேக், ரவுட்டர் எல்லாவற்றையும் துடைத்து வரிசையாக வைத்தோம். அப்பா ஒவ்வொன்றுக்கும் சந்தனம் தடவி, ஒரு குங்குமப் பொட்டு வைத்துக்கொண்டே வந்தார். கடைசியில் எழுந்துபோய் பீரோவைத் திறந்தார்.

"அது எதுக்குப்பா? ஓடாத சாமான்" என்றான் அண்ணன்.

"ஆயுத பூஜைக்கு ஓடுதது ஓடாதது பாக்கப்பிடாதுலே."

லேப்டாப்பை மடியில் வைத்துத் தன் வேட்டி நுனியாலேயே துடைத்தார். சந்தனம் தடவினார். பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். செத்த நேரம் விரலை எடுக்கவில்லை. பிறகு அதன் பக்கத்தில் சின்னதாக இன்னொரு பொட்டு.

சூடம் காட்டி முடிந்ததும் திரும்பவும் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்.