நின்ற காரில் கண்டனூர்வரை

காரைக்குடி
மார்கழி, சனிக்கிழமை

அன்பு மகள் சிந்துவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் பேரன் விஷ்வாவும் அந்தப் பனிக்குள் சுகமாக இருக்கிறீர்கள் என்ற நினைப்போடு தொடங்குகிறேன். விஷ்வாவுக்கு இருமல் நின்றதா, காதை மூடுகிற தொப்பி போட்டு அனுப்பு. இதையெல்லாம் போனிலேயே கேட்கலாம்தான், ஆனால் இன்று சொல்ல வந்ததைப் போனில் ஆரம்பித்தால் பாதியிலேயே விட்டுவிடுவேன்.

காரை விற்றுவிடலாம் என்று நீ சொன்னதில் தப்பே இல்லை. உன் சிநேகிதியின் அண்ணன் முத்துக்கண்ணனும் மார்கழி கழியட்டும், தை பிறந்ததும் வந்து எடுத்துக்கொள்கிறேன் என்றிருக்கிறார். புரட்டாசியில் கண்டனூர்ப் பாதையில் அந்தக் கல்பாலத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் கொதித்து நின்றபோது, முட்டி ஆபரேஷன் செய்த காலோடு அம்மா வெயிலில் நிற்க வேண்டியதாகிவிட்டது. அன்றிலிருந்து காரைத் தொடவே எனக்குப் பயம். பஸ் படி அம்மாவால் ஏற முடியாது, ஆட்டோ குலுக்கினால் அன்றைக்கெல்லாம் வலி. வெள்ளிக்கிழமைதோறும் கண்டனூருக்குப் போய், படுக்கையில் இருக்கிற உன் சித்தி கல்யாணசுந்தரியைப் பார்த்து வந்தவள், பிறகு போகவே இல்லை. போகலாமா என்று கேட்கவும் இல்லை. வெள்ளிக்கிழமையானால் மட்டும் தலை குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு வீட்டிலேயே உட்கார்ந்திருப்பாள். அதை நான் உன்னிடம் சொன்னதில்லை.

சாக்கோட்டை மெக்கானிக் வீரணனை வரவழைத்துக் காட்டினேன். தெர்மோஸ்டாட் போய்விட்டது என்றார். எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டர் பக்கம் விடாமல் அடைத்து வைத்து, சூடேறியதும் திறந்துவிடுகிற சின்ன வால்வு அது. நம்முடையது மூடியபடியே இறுகிவிட்டதாம். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்குங்கய்யா, கழட்டி எறிஞ்சுட்டு ஓட்டுங்க" என்று சிரித்தார். செய்து வைத்தவன் காரணம் இல்லாமலா வைத்திருப்பான் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் சொல்ல வாய் வரவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, மதுரையிலிருந்து புதிது ஒன்று வரவழைத்தேன். நானே மாற்றுவது என்று முடிவு. முடிவு செய்தபின் ஒரு வாரத்துக்கு மேல் அதைப் பெட்டியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில், மூட்டம் இன்னும் விலகாத நேரத்தில், ஆறிக் கிடந்த எஞ்சினில் கை வைத்தேன். எஞ்சினைக் குளிர வைக்கிற பச்சைக் கூலன்ட்டை வடித்து, விஷமாயிற்றே, நாய் நக்கிவிடாமல் உடனே மூடி வைத்தேன். ஹோஸைக் கழற்றி இரண்டு போல்ட்டை எடுத்ததும் உள்ளே பழைய வால்வு இருந்தது, உள்ளங்கையில் அடங்கும். மாட்டுவதற்கு முன் புதியது வேலை செய்கிறதா என்று தெரிய வேண்டும் அல்லவா, பழையதையும் புதியதையும் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்தேன். "பால் காய்ச்சுற சட்டிதான் கெடச்சுச்சா ஒங்களுக்கு" என்று வந்த அம்மா, மேற்கொண்டு திட்டாமல் பக்கத்திலேயே நின்றுவிட்டாள். ஆவிக்குள் பழையது அசையவே இல்லை. புதியது, தண்ணீர் கொதி வருகிற சமயத்தில், தூக்கத்தில் குழந்தை வாய் திறக்கிற மாதிரி மெல்லத் திறந்தது. அடுப்பை அணைத்தேன், ஆற ஆற மூடிக்கொண்டது. இன்னொரு தடவை காட்டச் சொன்னாள். காட்டினேன்.

மாட்டி முடுக்கிய பிறகு, ஸ்பிரிங் எஞ்சின் பக்கம் இருக்கும்படி வைத்தேனா என்று சந்தேகம் வந்து மறுபடி கழற்றினேன். சரியாகத்தான் வைத்திருந்தேன். பிறகு கூலன்ட் ஊற்றி, உள்ளே சிக்கிய காற்று போவதற்காக ரேடியேட்டர் மூடியைத் திறந்தே வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். சூடு காட்டுகிற முள் பாதியைத் தாண்டுகிறதா என்று பார்த்துச் சொல்ல அம்மாவை முன் சீட்டில் உட்கார வைத்தேன். பானெட் தூக்கியிருந்ததால் அவளுக்கு எதிரே ஒன்றும் தெரியாது. எஞ்சின் ஒரே சீராக முனகிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் வழியாக, "இப்ப எங்குட்டு வந்திருக்கோம்" என்று கேட்டாள். எனக்கு முதலில் விளங்கவில்லை. எட்டிப் பார்த்தால் முள்ளைப் பார்க்காமல் கண்ணை மூடியிருக்கிறாள். ஊர் எல்லை தாண்டிவிட்டோம் என்றேன். "அதுக்குள்ளயா, மெதுவாப் போங்க" என்றாள். வயலில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டாள், நிற்கிறது என்றேன், கொக்கு கூட இருக்கிறது என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். கல்பாலம் வந்தால் சொல்லச் சொன்னாள். நான் ரேடியேட்டரின் கீழ்ப்பக்கத்து ஹோஸைப் பிடித்திருந்தேன்; வால்வு திறந்தால் அது சுட வேண்டும், ஆனால் இன்னும் சில்லென்றுதான் இருந்தது, அப்போதும் கையை எடுக்காமல் வைத்திருந்தேன். திடீரென்று உள்ளங்கைக்குள் சூடு ஓடி வந்தது. பாலம் தாண்டிவிட்டோம் என்றேன். அவள் கண்ணைத் திறந்து, முள் பாதியிலேயே நிற்கிறது என்றாள்.

நேற்று வெள்ளிக்கிழமை நிஜமாகவே போய் வந்தோம். வழியெல்லாம் நான் முள்ளைத்தான் பார்த்தேன், அது பாதியைத் தாண்டவில்லை. சித்தி அம்மாவின் கையை விடவே இல்லை. திரும்பி வரும்போது அம்மா வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வெள்ளியும் வாரோம்னு தங்கச்சிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். ஒங்களக் கேக்கல."

சிந்து, நீ கேட்டு நான் இல்லை என்று சொன்னதாக எனக்கு நினைவில்லை. இப்போது சொல்கிறேன். காரை விற்கவில்லை. முத்துக்கண்ணனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு.

மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்து வாழ பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை இருப்பார். ஒன்று மறக்காதே, உன் காரிலும் எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவிடாதே.

அன்புடன்
உன் அப்பா
வீரபாண்டியன்