நங்கூரம் பொறித்த சங்கு

ரென், பிரான்ஸ்
4-2-2007

அன்புள்ள பூங்கொடி அக்காவுக்கு,

தம்பி அருள்ராஜ் எழுதுகிறேன். நீங்களும் செல்லையன் மச்சானும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் மகள் நந்தினிக்கு மூன்று மாதம் என்று போனில் சொன்னீர்கள். மசக்கை எப்படி இருக்கிறது? போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் மழை பெய்ததா, மீன் பட்டதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். மனதில் இருப்பது வருவதில்லை. அதனால்தான் கடிதம்.

நான் ஏலக் கடையில் பொருள் கட்டி அனுப்பும் வேலை பார்ப்பது உங்களுக்குத் தெரியும். என்ன பொருள் என்று நீங்கள் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அக்கா, இங்கே தேயிலை வைக்கிற பழைய பெட்டிகள் வருகின்றன. முதன்முதலில் நான் பார்த்தது பேரிக்காய் வடிவத்தில் ஒரு மரப்பெட்டி. காம்புகூட இருந்தது. நிஜப் பழம் என்றே நினைத்து ஓரமாக வைக்கப் போனேன். அதன் வயிற்றில் குட்டியாக ஒரு சாவித் துவாரம்! உள்ளே ஈயத்தகடு ஒட்டியிருந்தது. மூக்கை வைத்தால் இன்னும் லேசாகத் தேயிலை வாசம். அந்த இலையைக் காய்ச்சிக் குடித்தவர்கள் செத்து இருநூறு வருஷம் ஆகிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. சிரிக்காதீர்கள்.

அந்தக் காலத்தில் தேயிலை அவ்வளவு அரிதாம். வேலைக்காரர்கள் கை வைக்காமல் இருக்க வீட்டு எஜமானி பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொள்வாளாம். கீல் போனது, சாவி தொலைந்தது என்று யாரும் வாங்காத பெட்டிகளை நான் வாங்கி வைக்கிறேன். இப்போது ஆறு இருக்கின்றன. வெள்ளியில் ஒரு கரண்டியும் கிடைத்தது. கிண்ணம் முழுக்கப் பூப்பூவாக ஓட்டை, வால் ஊசி மாதிரி கூர்மை. கோப்பையில் மிதக்கிற தூசியை அள்ளவும், தேநீர்க் கெண்டியின் மூக்கில் அடைத்த இலையைக் குத்தவும் அது. இத்தனை சின்ன வேலைக்கு இத்தனை அழகா என்று நான் வாய் பிளந்து நிற்கிறேன். என் வீட்டுக்காரி தமிழ்மொழி, "வீட்ல சக்கரை டப்பாவுக்கு மூடி இல்ல, அதப் பாத்து வாயப் பொளங்க" என்கிறாள்.

இத்துடன் ஒரு போட்டோ வைத்திருக்கிறேன். போன வாரம் ஒரு பெட்டிக்குள் இருந்த இன்னொரு வெள்ளிக் கரண்டி. பெட்டியிலிருந்து தேயிலை அள்ள. எல்லாவற்றிலும் எனக்கு இதுதான் பிடித்தது. யாரோ வாங்கிப் போய்விட்டார்கள். படம் மட்டும் மிச்சம்.

அன்புத் தம்பி,
அருள்ராஜ்

---

கருக்களாச்சேரி
26-2-2007

அன்புத் தம்பி அருள்ராஜுக்கு,

அக்கா எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், உன் கையெழுத்தைப் படிக்க ஒரு பொழுது ஆயிற்று. நந்தினிக்கு வாந்தி கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது. மாங்காயும் சுட்ட கருவாடும்தான் இறங்குகிறது.

டீத்தூள் டப்பாவுக்குப் பூட்டா? உன் மச்சானிடம் சொன்னேன். "நம்ம ஊட்டுலயும் ஒண்ணு வாங்கிப் போடு, ஒரு நாளைக்கு எட்டு டீ குடிக்கிற நீ" என்று என்னையே திருப்பிவிட்டார். வீட்டில் இடம் இல்லாமல் ஆறு காலிப் பெட்டி வைத்திருக்கிறாயே, தமிழ்மொழி பொறுமைசாலிதான்.

ஆனால் தம்பி, அந்தப் போட்டோவைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்துப் போயிற்று. அது நம் வீட்டுச் சங்கு. நீ பார்த்திருக்க மாட்டாய், அம்மா அதை வெளியே எடுத்ததே உனக்கு நினைவு தெரியாத காலத்தில். பிள்ளைக்குப் பால் புகட்டுகிற வெள்ளிச் சங்கு. மற்ற வீடுகளில் சங்குக்கு நீளமாக மூக்கு இருக்கும். நம்முடையதற்கு மூக்கு இல்லை. சிப்பி மாதிரி விரிந்து, வரிவரியாக இருக்கும், பின்னால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு பிடி. அப்பாவின் தாத்தா வலையில் வந்ததாம். "நம்ம சங்கு கடைச் சங்கு இல்ல, கடலம்மா குடுத்தது" என்று அம்மா சொல்வார்கள். சுனாமியில் வீடே போனபோதும் அரிசிப் பானையோடு சேற்றில் கிடந்து கிடைத்தது. இப்போது இந்தப் புதுக் குடியிருப்பில் சாமி படத்துக்குக் கீழே இருக்கிறது. அது எப்படி பிரான்சில் டீத்தூள் பெட்டிக்குள் போயிற்று? நான் உன் போட்டோவைச் சங்குக்குப் பக்கத்தில் வைத்து வைத்துப் பார்க்கிறேன். உடன்பிறந்தவை மாதிரி இருக்கின்றன.

நந்தினி ஒரு பிடிவாதம் பிடிக்கிறாள். பிறக்கப் போகிற பிள்ளைக்கு நான்தான் பால், மருந்து எல்லாம் புகட்ட வேண்டுமாம். என்னால் முடியாது என்று சொல்லிவிட்டேன். என் கை பிள்ளைகளுக்கு ஆகாது. நந்தினியையே நான் புகட்டி வளர்க்கவில்லை, அம்மாதான் எல்லாம். இப்போது அம்மாவும் இல்லை.

கடைசியாக ஒன்று. என்னை ஏன் நீங்கள், உங்கள் என்று எழுதுகிறாய்? ஊரில் தம்பிமார்கள் எல்லாம் அக்காமாரை "ஏய், நீ சும்மா இரு" என்று அதட்டுகிறார்கள். நீ மட்டும் தாசில்தாருக்கு மனு எழுதுகிற மாதிரி எழுதுகிறாய்.

உன் அக்கா,
பூங்கொடி

---

ரென்
18-3-2007

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகிற ரயிலில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன். நம் வீட்டிலா! நான் இங்கே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று ஏங்கிய பொருள், சாமி படத்துக்குக் கீழேயா!

அக்கா, உடனே ஒரு வேலை செய்யுங்கள். பிடியின் முதுகுப் பக்கம் பொடியாக ஏதாவது முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணுக்குத் தெரியாது, நகை செய்கிற பத்தர் கடையில் பூதக்கண்ணாடி இருக்கும். இருப்பதை அப்படியே எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அதை எனக்குத் தருவீர்களா? ஆறு பெட்டி இருந்தும் அள்ளுவதற்குக் கரண்டி இல்லை. அம்மாவின் பொருள் என்று என்னிடம் ஒரு துணிகூடக் கிடையாது. தயங்கித் தயங்கித்தான் எழுதுகிறேன். நான் எதைக் கேட்டாலும் நீங்கள் ஒரு அடி தள்ளி நின்றுதான் கொடுத்திருக்கிறீர்கள். சின்ன வயதில் எல்லாப் பிள்ளைகளும் அக்கா இடுப்பில் இருக்கும். நான் அழுதால்கூட நீங்கள் தூக்கியதில்லை. நான் பிறந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டே வளர்ந்தேன். பழைய கதை, போகட்டும்.

உங்கள் கை ஆகாது என்று எழுதினீர்களே, அது என்ன? யார் சொன்னது?

தம்பி,
அருள்ராஜ்

---

கருக்களாச்சேரி
22-4-2007

அன்புத் தம்பிக்கு,

மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில், உன் மச்சான் வீட்டில். நாள் முழுக்க என் சமையலுக்கு உப்பு பார்க்கிறார்.

முதலில் முத்திரை. காரைக்காலில் கைலாசநாதன் பத்தர் கடைக்கு எடுத்துப் போனேன். கண்ணில் கண்ணாடியை இடுக்கிக்கொண்டு பார்த்தவர் எழுந்தே நின்றுவிட்டார். "அம்மா, இதுல ஒரு சிங்கம் நடந்து போவுதும்மா" என்றார். நான் வாங்கிப் பார்த்தேன். கடுகு அளவு இடத்தில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு சிங்கம் நடக்கிறது, வால்கூடத் தெரிகிறது. பக்கத்தில் ஒரு ராஜா தலை. இங்கிலீஷ் எழுத்து ஒன்றிரண்டு. அப்புறம் தம்பி, ஒரு நங்கூரம். நம் படகு நங்கூரமேதான். கடையில் நின்றிருந்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து பார்த்தார்கள். அம்மா சொன்னது பொய்யில்லை, கடல்தான் கொடுத்தது, முத்திரை போட்டே கொடுத்திருக்கிறது என்று நினைத்தேன். வருகிற வழியெல்லாம் மடியில் கை வைத்துப் பொத்திக்கொண்டே வந்தேன்.

அதைத் தர முடியாது தம்பி. "சங்கு வீட்ட விட்டுப் போவக் கூடாது" என்பது அம்மா வாக்கு. என்னை மன்னித்துக்கொள்.

இரண்டாவது நீ கேட்டது. நாற்பது வருஷமாக இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

எனக்குப் பத்து வயது. அம்மா மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு குரும்பகரம் பக்கம் விற்கப் போய்விட்டார்கள். வீட்டில் நானும் இரண்டு மாதப் பிள்ளையும். அழுதது. பாலைக் காய்ச்சி ஆற்றி, அம்மா செய்கிற மாதிரியே மடியில் படுக்கப் போட்டு, கழுத்துக்குத் துணி வைத்தேன். அம்மா புகட்டினாலும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கழுத்தெல்லாம் பால் வழியும், துணி இல்லாமல் முடியாது. சங்கைச் சாய்த்தேன். குபுக்கென்று மொத்தமும் வாய்க்குள் போய்விட்டது. புரையேறி, மூச்சு நின்று, பிள்ளை நீலமாகிவிட்டது. பக்கத்து வீட்டு அமுதம் அத்தை தலைகீழாகப் பிடித்து முதுகில் தட்டித் தட்டி, ஆஸ்பத்திரிக்கு ஓடி, அங்கே மூன்று நாள் இருந்து பிழைத்தது.

அம்மா என்னை அடிக்கவில்லை. "ஒன் கை ஆவாதுடி. இனிமே புள்ளயத் தொடாத" என்றார்கள். நான் தொடவில்லை. பிள்ளை அழுதால் காதைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடிவிடுவேன். தூக்கினால் செத்துப் போய்விடுமோ என்று பயம்.

அந்தப் பிள்ளை நீதான்.

அக்கா

---

ரென்
13-5-2007

அக்கா,

உன் கடிதத்தை ஒரு வாரம் சட்டைப் பையிலேயே வைத்துத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகுதான் எனக்கு மூளை வேலை செய்தது. முழுவதையும் பொறுமையாகப் படி.

அது சங்கு இல்லை அக்கா. எங்கள் கடை முதலாளி மதாமிடம் நீ எழுதிய முத்திரைகளை வரைந்து காட்டினேன். சிங்கம், நல்ல வெள்ளி என்பதற்கு. ராஜா தலை, வரி கட்டியாயிற்று என்பதற்கு. நங்கூரம், இங்கிலாந்தில் பர்மிங்காம் என்கிற ஊரின் அடையாளம். அந்த ஊரில் கடலே கிடையாது! தரைக்கு நடுவே இருக்கிறது. தேயிலை அள்ளுகிற கரண்டி என்று மதாம் உறுதியாகச் சொன்னார். முன்னாளில் சீனத்துத் தேயிலைப் பெட்டிகளில், வாங்க வருகிறவர்கள் அள்ளிப் பார்க்க நிஜமான கடல்சிப்பி ஒன்றைப் போட்டு வைப்பார்களாம். அதைப் பார்த்துத்தான் வெள்ளியிலும் சிப்பியாகவே செய்தார்களாம். எங்கேயோ ஒரு கடலின் சிப்பி, வெள்ளியாகி, கப்பலேறி, நம் கடலில் விழுந்து, தாத்தா வலையில் ஏறி, என் வாய்க்கு வந்திருக்கிறது. இதை நினைத்தால் எனக்குத் தலை சுற்றுகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது இது இல்லை. இலை அள்ளச் செய்த கரண்டி பால் ஊற்றுவதற்கு ஆகுமா? எனக்கு அது தெரிந்தே ஆக வேண்டும். மதாமிடம் கெஞ்சி, ஒடுங்கிப்போன ஒரு கரண்டியை ஞாயிற்றுக்கிழமைக்கு வாங்கி வந்தேன். இதே சிப்பி, இதே வரி. சமையலறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, கழுத்தில் துணியைச் சுற்றி, தமிழ்மொழியைப் பால் புகட்டச் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் நடமாட முடியாத கிழவர்களுக்கு வருஷக்கணக்காக ஊட்டிவிடுகிறவள். அவளைப் போல நிதானமான கை கிடையாது. "பைத்தியமாங்க ஒங்களுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தாள்.

சாய்க்கிற வரைக்கும் ஒன்றும் இல்லை. பிறகு எல்லா வரியிலும் ஒரே நேரத்தில் வழிகிறது. பாதி கழுத்துக்கு, பாதி குபுக்கென்று தொண்டைக்கு. மெதுவாக ஊற்ற அதற்கு வழியே இல்லை. எனக்கு மூக்கில் ஏறி, நாற்பது வயதில் இரண்டாவது முறையாகப் புரையேறிப் போயிற்று. தமிழ்மொழி என் முதுகில் தட்டிக்கொண்டே அழுதுவிட்டாள். நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

உன் கை இல்லை அக்கா. அம்மா ஊற்றியபோதும் கழுத்தில் வழிந்ததற்கு அதுதான் காரணம். அதைக் கையாண்ட பெண்கள் எல்லோரும் தங்கள் கையைத்தான் நொந்திருப்பார்கள். பத்து வயதுப் பிள்ளை நீ என்ன செய்வாய்?

எனக்கு அந்தக் கரண்டி வேண்டாம். நந்தினி பிள்ளைக்கு நீ புகட்டு. மூக்கு வைத்த நல்ல சங்காக ஒன்று வாங்கிக்கொள். எனக்கு அது போதும்.

அருள்

---

கருக்களாச்சேரி
4-11-2007

அன்புத் தம்பி அருளுக்கு,

இத்தனை மாதம் பதில் எழுதவில்லை என்று கோபமா? ஆகஸ்டில் பெண் குழந்தை பிறந்ததைப் போனில் சொன்னேன். அன்றைக்கும் நீ கேட்க வந்ததைக் கேட்கவில்லை, மழை பெய்கிறதா என்று கேட்டாய்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. சாமி படத்துக்குக் கீழே வைத்துக் கும்பிட்டதை டீக்கரண்டி என்கிறாயே என்று. பிறகு மடித்து வைத்தேன், எடுத்தேன், மறுபடி படித்தேன். உன் கை இல்லை அக்கா என்று நீ எழுதிய இடத்தில் தாள் நைந்துவிட்டது. படித்தாலும் கை நம்ப வேண்டுமே. பிள்ளையைக் குளிப்பாட்டினேன், தொட்டில் ஆட்டினேன். சங்கு மட்டும் எடுக்கவில்லை. நந்தினி கடைத்தெருவில் மூக்குச் சங்கு வாங்கிவந்து, சொல்லாமல் கொள்ளாமல் சமையல்கட்டில் வைத்திருந்தாள்.

போன வெள்ளிக்கிழமை பிள்ளைக்குத் தலைக்கு ஊற்றிய பிறகு உரைமருந்து கொடுக்க வேண்டும். நந்தினி மருந்தை உரைத்து, பிள்ளையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டுவிட்டு, "எனக்குத் தல சுத்துதும்மா, நீயே குடு" என்று போய்ப் படுத்துக்கொண்டாள். தலையும் சுற்றவில்லை ஒன்றும் சுற்றவில்லை, கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையையும் முந்தானையில் துடைத்துக்கொண்டேன். உன் பெயரைச் சொல்லிக்கொண்டு சங்கைச் சாய்த்தேன் தம்பி. அது நூல் மாதிரி இறங்கிற்று. பிள்ளை சப்புக்கொட்டிக்கொண்டு என்னையே பார்த்துக் குடித்தது. முடிந்ததும் கழுத்தைத் தடவிப் பார்த்தேன். துளி ஈரம் இல்லை. ஐம்பது வயதில் எனக்கு இரண்டு கை முளைத்த மாதிரி இருந்தது. இப்போது யாரிடமும் பிள்ளையைக் கொடுப்பதில்லை என்று நந்தினி புகார் சொல்கிறாள்.

உன் கரண்டியைப் பற்றி. சங்கு வீட்டை விட்டுப் போகக் கூடாது என்றுதான் அம்மா சொன்னார்கள். இது சங்கு இல்லையே, அதனால் தரலாம். ஆனால் தபாலில் அனுப்ப மாட்டேன். தமிழ்மொழியையும் கூட்டிக்கொண்டு நீ நேரில் வந்து வாங்கிக்கொள். பொங்கலுக்குள் வந்தால் நல்லது, வஞ்சிரம் நன்றாகப் படுகிற காலம்.

வந்து இறங்கிய அன்றைக்கு உன்னை என் எதிரில் உட்கார வைத்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து நானே ஊட்டப்போகிறேன். நாற்பது வருஷத்துச் சோறு பாக்கி இருக்கிறது. மச்சான் சிரிப்பார், ஊர் வேடிக்கை பார்க்கும். நீ வெட்கப்படாமல் வாயைத் திற.

உன் அக்கா,
பூங்கொடி