கூஸ் வாத்தின் காலில் கட்டிய பை

கார்த்திகை 22, ஞாயிறு

மூன்று முறை சோப்புப் போட்டும் கையை விட்டு நாற்றம் போகவில்லை.

முள்கம்பி கிழித்த கூஸ் வாத்தின் காலில் மஞ்சள் பத்துப் போட்டு, மழையில் நனையாமலிருக்க மேலே கேரி பேக்கை இறுக்கிக் கட்டியது நான்தான். அப்புறம் நாலு நாள் அடைமழை. கொல்லைச் சேற்றில் இறங்க அருவருத்துக்கொண்டு, சன்னல் வழியாகவே சோற்றை வீசினேன். இன்று பையைப் பிரித்தால் புண் முழுக்கப் புழு.

"ஏங்க, நீங்களாவது ஒரு தடவ பாத்திருக்கக் கூடாதா?" என்று கணவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஒவ்வொரு புழுவாக எடுத்துக்கொண்டே அவர் கேட்டார்: "நான் வேலைக்குப் போனப்புறம் இது கத்தவே இல்லையா?"

"இல்லீங்க" என்றேன்.

கத்தியது. தினமும் கத்தியது. சத்தம் பொறுக்காமல் சன்னலைச் சாத்திவிட்டு சீரியல் பார்த்தேன்.