மூன்றாம் நிலைக்கு முன்னால்

அன்புள்ள மருமகளுக்கு,

நான் நலம். உன் மாமா நலம். நீ நலமா?

உன் கணவன் ஒரு தாள் அனுப்பினான். அதில் தமிழ் படிக்க ஆறு நிலை இருக்கிறது. நீ முதல் நிலை. முதல் நிலைக்குச் சின்ன வாக்கியம் போதும். உன் ஆசிரியை அப்படிச் சொல்கிறாராம். சரி. நான் சின்ன வாக்கியம் எழுதுகிறேன்.

நான் தையல்காரி. இது உனக்குத் தெரியும். கடையில் இரண்டு மெஷின் இருக்கிறது. நான் பள்ளிச் சீருடை தைக்கிறேன். இன்று மழை. உன் மாமா தூங்குகிறார். மழை இல்லாத நாளும் தூங்குகிறார்.

கல்யாண வீடியோ என்னிடம் இருக்கிறது. உன்னிடமும் இருக்கிறது. அதில் நீ அழகு. படம் மட்டும் பார். சத்தம் வேண்டாம். சத்தம் சரியில்லை.

எனக்குச் சின்ன வாக்கியம் கஷ்டம். நான் நிறையப் பேசுகிறவள். இதற்கு மேல் எழுதினால் இரண்டாம் நிலை ஆகிவிடும்.

நன்றாகச் சாப்பிடு. அங்கே குளிர் அதிகம். காதை மூடு.

அன்புடன்,
உன் அத்தை


அன்பு மருமகளுக்கு,

நீ முதல் நிலையில் தேறிய செய்தி வந்தது. கடைக்கு வந்த எல்லாரிடமும் சொன்னேன். பித்தான் வாங்க வந்தவரையும் விடவில்லை. இரண்டாம் நிலைக்காரர்களுக்கு நேற்று நடந்ததையும் நாளை நடக்கப்போவதையும் எழுதலாம் என்று தாளில் இருக்கிறது. அப்பாடா என்று இருந்தது. நாலு மாதமாக இன்றைக்கு நடப்பதை மட்டுமே எழுதி எனக்கு மூச்சு முட்டிவிட்டது.

அந்தத் தாளை மெஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டி வைத்திருக்கிறேன். முதல் நிலைக்காரர் தன் பெயரைச் சொல்வார், விலை கேட்பார். இரண்டாம் நிலைக்காரர் தன் வீட்டையும் வேலையையும் பற்றிச் சொல்வார். மூன்றாம் நிலைக்காரர், பக்கத்தில் இரண்டு பேர் தங்களுக்குள் பேசிக்கொள்வதையும் புரிந்துகொள்வார். இந்த மூன்றாவது வரியில் கண் போகும்போதெல்லாம் தையல் கோணிப்போகிறது.

உன் மாமா கடை வாசலில் வழுக்கி விழுந்தார். முட்டியில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ஒரு வாரம் கட்டிலை விட்டு இறங்கவில்லை. தேநீரும் அங்கேயே, சாப்பாடும் அங்கேயே. எட்டாம் நாள் சீட்டாட நண்பர்கள் வந்ததும் எழுந்து ஓடினார்.

நீ கல்யாண வீடியோவைத் தினமும் போட்டுக் காதைப் பழக்குகிறாய் என்று மகன் சொன்னான். எதற்கம்மா அது? கூட்டத்தில் யார் யாரோ என்னென்னவோ பேசியிருப்பார்கள். செய்தி வாசிக்கிறவர்கள் நிறுத்தி நிதானமாகப் பேசுவார்கள். அதைக் கேள். படிப்பிலும் அவசரம் வேண்டாம். ஒவ்வொரு நிலையிலும் கொஞ்ச காலம் உட்கார்ந்துவிட்டுப் போ. யாரும் உன்னைத் துரத்தவில்லை.

உனக்குத் தைத்த நீலச் சட்டையை அனுப்பியிருக்கிறேன். தோளில் பிடித்தால் சொல், பிரித்துத் தைத்துக்கொள்ளலாம். உள்ளே துணி விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
உன் அத்தை


அன்புள்ள மருமகளுக்கு,

இந்தக் கடிதம் உன் நிலைக்கு மேலேதான் இருக்கும். அகராதியை எடுத்துக்கொள். புரியாத இடத்தை உன் ஆசிரியையிடம் கேள். அவர் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் பரவாயில்லை. என் மகனிடம் மட்டும் கேட்காதே. அவன் பூசி மெழுகிவிடுவான்.

இரண்டாம் நிலைத் தேர்வுக்கு நீ எழுதிய கட்டுரையை அவன் படம் பிடித்து அனுப்பினான். தலைப்பு ‘என் அத்தை’. கடையில் மூன்று பேர் அளவு கொடுக்கக் காத்திருந்தார்கள். நான் நின்றபடியே படித்தேன். “என் அத்தை சட்டை தைக்கிறார். என் அத்தை நீளமாகக் கடிதம் எழுதுகிறார். கல்யாண நாளில் அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு நல்ல வார்த்தை சொன்னார். எனக்குப் புரியவில்லை. அது வாழ்த்து என்று என் கணவர் சொன்னார். மூன்றாம் நிலை முடித்த பிறகு அந்த வார்த்தையை நான் வீடியோவில் கேட்பேன், எனக்குப் புரியும்.” இப்படி எழுதியிருக்கிறாய். ஒரு பிழைகூட இல்லை. அளவு கொடுக்க வந்தவர்களை நாளைக்கு வரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

அது வாழ்த்து இல்லையம்மா.

என் தங்கை இந்தப் பக்கம் நின்றாள், நீ அந்தப் பக்கம். உன் கை என் கையில் இருந்தது. நான் தங்கையிடம் சொன்னேன்: “பாத்தியாடி இவன் கூட்டிட்டு வந்திருக்கறத? வாய் தெறக்காத பொம்மை. ஆறு மாசம் தாங்கினா பெரிசு.” வீடியோ எடுப்பவர் சரியாக அந்த நேரம் பார்த்து எங்கள் பக்கம் திரும்பியிருக்கிறார். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். தலையாட்டினாய். என் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாய்.

ஏன் சொன்னீர்கள் என்று கேட்பாய். அன்று காலையிலிருந்து நீயும் அவனும் உன் மொழியில் பேசிப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். இருபத்தெட்டு வருஷம் நான் பேச்சுக் கொடுத்து வளர்த்த பிள்ளை எதற்குச் சிரிக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை. பொறாமைதான். அதற்கு வேறு நல்ல பெயர் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அந்தத் துண்டை மட்டும் வெட்டிவிட முடியுமா என்று வீடியோக்காரரிடம் போய்க்கூடக் கேட்டேன். “என்கிட்ட இருக்கறத வெட்டிடலாம்மா. அவங்ககிட்ட இருக்கறத எப்படி வெட்டறது?” என்றார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

இன்னொன்றும் உனக்குச் சொல்லவில்லை. இரண்டு மாதமாக நான் ஒரு வகுப்புக்குப் போகிறேன். தபால் நிலையத்து மாடியில் உன் மொழி சொல்லித்தருகிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் என் பிள்ளை வயதுக்காரர்கள். முதல் நிலை. என் பெயர் சொல்வேன். விலை கேட்பேன், பதில் சொன்னால் புரியாது. போன செவ்வாய்க்கிழமை ஆசிரியர் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். தலையும் ஆட்டினேன். நல்லதாகத்தான் சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு என்ன செய்ய முடியும்? வீட்டுக்கு வந்து நம் வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். நான் சிரித்த அதே சிரிப்பு உன் முகத்தில் இருந்தது. வாய்விட்டு அழுதேன். உன் மாமாவே விழித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்.

என் மகனை ரொம்பத் திட்டாதே. உன் மனம் நோகக் கூடாது, என் மானமும் போகக் கூடாது என்று நடுவில் நின்று பொய் சொல்லியிருக்கிறான். பொய் சொல்லும் சாமர்த்தியம் அவனுக்குச் சிறு வயதிலும் கிடையாது. எனக்காகக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்பது இன்னும் வலிக்கிறது.

அடுத்த வாரம் உனக்கு மூன்றாம் நிலை தொடங்குகிறது. நீயாகக் கண்டுபிடிப்பதற்கு முன்னால் என்னிடமிருந்தே தெரிந்துகொள் என்று எழுதிவிட்டேன். ஆறு மாதம் என்றேன், பதினான்கு மாதம் ஆகிவிட்டது. வாய் திறக்காத பொம்மை என்றேன், நீ என் மொழியில் என்னைப் பற்றியே கட்டுரை எழுதுகிறாய். நான் சொன்னது ஒன்றுகூடப் பலிக்கவில்லை. அதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரிய வேண்டும். நான் கேட்கும் மன்னிப்பும் உனக்குப் புரிய வேண்டும். அந்தச் சொல் எந்த நிலையில் வருகிறது என்று தாளில் தேடினேன், போடவில்லை.

விடுமுறைக்கு நீங்கள் வரும்போது விமான நிலையத்துக்கு நானே வருவேன். கோபத்தை அடக்கி வைக்காதே. எல்லார் முன்னாலும் உன் மொழியில் என்னைத் திட்டிவிடு. ஆறாம் நிலை வார்த்தையாகப் பார்த்துத் திட்டு. எனக்கு ஒன்றும் புரியாது. நான் உன்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு தலையாட்டுவேன். திட்டும்போது என் கையை மட்டும் பிடித்துக்கொள்.

இப்படிக்கு,
நீ இன்னும் அப்படிக் கூப்பிடுவாய் என்றால்,
உன் அத்தை