பேரி மரத்தில் இறங்கிய தேனீயும் டாங் என்ற சத்தமும்

லிங்கன்ஷயர், ஜூன் 1896

அன்பு மகள் ஹெஸ்டருக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. கனடாவில் நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடியில்லாமல் இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன், கம்பளிக் காலுறை இல்லாமல் வெளியே போகாதே. போன வாரம் ஃபென்விக் என்று ஒருவர் வந்தார், ஊர் ஊராகப் போய் வார்த்தை சேகரிப்பதுதான் வேலையாம், பறவை முட்டை சேகரிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், இது புதுசு. நம் ஊரில் டாங் என்றால் என்னவென்று கேட்டார். பித்தளைச் சட்டியைச் சாவியால் தட்டினால் வருகிற சத்தம் என்றேன். அப்பா சும்மா இருப்பாரா, கத்தியின் வால் பிடிக்குள் சொருகியிருக்குமே அதுதான் என்றார். பழைய பாலாடைக்கட்டி நாக்கில் சுருக்கென்று பிடிப்பதையும் அப்படித்தானே சொல்கிறோம் என்றேன். சத்தத்தின் பேர் சத்தத்திலிருந்தே பிறந்தது, கத்தியின் பேர் வடக்கேயிருந்து கடல் தாண்டி வந்தவர்கள் கொண்டுவந்தது, கூர்முனை என்று அர்த்தம், நாக்கைக் குத்துவதால் ருசிக்கும் அதுவே பேரானது என்று ஃபென்விக் விளக்கினார். "அப்போ என் கத்தி கப்பல்ல வந்துச்சா?" என்றார் அப்பா.

அந்த நேரம் பார்த்துத் தேனீக் கூட்டம் தன் வைக்கோல் கூடையை விட்டுக் கிளம்பிவிட்டது. பனியில் இரண்டு கூடைத் தேனீ செத்து, மிஞ்சியது இது ஒன்றுதான், போனால் இந்த வருஷம் தேனும் இல்லை மெழுகும் இல்லை. நம் ஊர் வழக்கம் உனக்கு மறந்திருக்காது, சட்டியைத் தட்டிக்கொண்டே துரத்தினால் யார் தோட்டத்துக்குள்ளும் போய் எடுக்கலாம், சத்தம் நின்றால் ஈ அந்தத் தோட்டத்துச் சொந்தக்காரருக்கு. நான் தட்டிக்கொண்டே ஓடினேன், ஃபென்விக் நோட்டோடு பின்னால் ஓடிவந்தார். கூட்டம் இறங்கியது உன் ஜேபஸ் சித்தப்பாவின் பேரி மரத்தில், வேலி வெட்டிய சண்டைக்குப் பிறகு மூன்று வருஷமாக அவர் நம் முகத்தையே பார்ப்பதில்லை. வேலி தாண்டும்போது சாவி கைநழுவிப் புல்லில் விழுந்துவிட்டது. சித்தப்பா கையைக் கட்டிக்கொண்டு, "சத்தம் நின்னுபோச்சு அண்ணி, ஈ இனி என்னோடது" என்றார். "நிக்கலையே!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று ஃபென்விக் வழியெல்லாம் விடாமல் டாங் டாங் என்று வாயாலேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார். "வாயில சொன்னா அது வெறும் வார்த்தைதானேய்யா" என்றார் சித்தப்பா. "இந்த வார்த்தையே சத்தம்தாங்க" என்றார் இவர். "எங்க, இன்னொரு தடவ சொல்லு." கழுத்து நரம்பு புடைக்க ஃபென்விக் கத்தினார், கோழியெல்லாம் சிதறி ஓடின, சித்தப்பா சிரித்துவிட்டார். "சட்டியவிட இவரு நல்லா அடிக்கிறாரு அண்ணி, எடுத்துட்டுப் போங்க" என்று அவரே ஏணியைப் பிடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குச் சித்தப்பா வருகிறார், முதலில் என்ன பேசுவது என்று அப்பா ஆட்டுக்குட்டிகளிடம் பேசிப் பழகிக்கொண்டிருக்கிறார். நீயும் சித்தப்பாவுக்கு இரண்டு வரி எழுதிப் போடு, நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. கர்த்தர் உங்கள் இருவரையும் நிறைவாக வைக்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
கெசையா