கல்லோயாவில் பிரிந்த பெட்டி

திருகோணமலை,
ஞாயிறு பின்னேரம்.

அன்பின் தம்பி தர்சன்,

நான் வாய்மூடி இருந்தது போதும். போனில் அழைத்தால் நீர் எடுப்பதில்லை, ஆகவே எழுதுகிறேன். உம்முடைய அக்கா சீலா நலம். முழங்கால் வலிதான் குறையவில்லை. குசினிக் கூரை ஒழுகுகிறது. கொழும்பில் மேற்பார்வையாளர் கதிரை மெத்தென்று இருக்கும் என நம்புகிறேன்.

வியாழக்கிழமை எனக்கு விசாரணை. பிழை என்னுடையது என்று முடிவானால் வேலை போய்விடும். ஐம்பது கடந்த பொருளியல் பட்டதாரியை வேறு எந்த ரயிலில் தேநீர்த் தட்டுத் தூக்க எடுப்பார்கள்?

மேற்பார்வையாளர் ஆகுமுன் என்னோடு வேலை செய்த அந்தப் பெருநாள் விசேட வண்டியை நீர் மறந்திருக்கமாட்டீர். கொழும்பிலிருந்து நம் ஊர்ப் பெட்டிகளையும் மட்டக்களப்புப் பெட்டிகளையும் ஒன்றாகக் கோத்து அனுப்பினார்கள். கல்லோயாச் சந்தியில் வண்டி இரண்டாகப் பிரியுமுன் ஆசனம் ஆசனமாகப் போய், யார் எந்த ஊர் என்று கேட்டு, மாறி இருப்பவர்களை உரிய பெட்டிக்கு அனுப்புவது பயணிகள் சேவையில் இருக்கும் நம்முடைய பொறுப்பு. என் பெட்டியில் நான் கேட்டுக்கொண்டு போனேன். நம் ஊர்ப்பக்கம் கிண்ணியாவுக்குப் போகும் ஆமினா உம்மாவின் ஆசனத்தில் வெள்ளைச் சேட்டுக் கனவான் ஒருவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உம்மிடம் வந்து விசாரித்தேன். "அவ என்ர பெட்டியில இருக்கிறா அத்தான், நான் பாத்துக்கொள்ளுறன்" என்றீர்.

கனவானுக்கு யன்னலோரம் வேண்டும் என்பதற்காக அந்த மனுசியை எழுப்பி, மட்டக்களப்புப் பெட்டியில் இருத்தியவர் நீர். "சந்தி வர மாத்தி விடுறன் உம்மா" என்றும் சொல்லியிருக்கிறீர். சந்தி வந்தது. நீர் மேடையில் கனவானோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு நின்றீர். உம்மா நித்திரை. ஊரே பெருநாள் தொழுகைக்குப் போன நேரம் அவர் மட்டக்களப்புப் பாதையில் வாழைச்சேனையில், முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் அழுதுகொண்டிருந்தார். உம்மாவுக்கு உம்முடைய பெயர் தெரியாது, ரிக்கற்றில் இருந்தது என் பெட்டி இலக்கம். முறைப்பாடு என் பெயருக்கு வந்தது.

உம்மாவின் மகன் முனீபின் கடை உள்துறைமுக வீதியில். அதைத் தாண்டித்தான் நாங்கள் பூசைக்கு மாதா கோயிலுக்குப் போகவேண்டும். இன்று காலை அவர் தெருவுக்கு இறங்கி வந்து, "உங்கட உம்மாவெண்டா இப்படி விட்டிருப்பீங்களா?" என்று கேட்டார். உம்முடைய பெயர் என் நுனி நாக்கில் இருந்தது. பக்கத்தில் சீலா நின்றாள். என் சேட்டுக் கையைப் பிடித்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "அவன் சின்னப் பொடியன், விடுங்கோவன்" என்கிறாள். சின்னப் பொடியனுக்கு முன்மண்டை வழுக்கை. இந்த வேலைக்கு உம்மைச் சிபாரிசு செய்தவன் நான். பதவி கிடைத்தபோது ஊருக்கெல்லாம் கேக் அனுப்பினீர், எங்களுக்கு மட்டும் வரவில்லை. தபால்காரன் தின்றிருப்பான் என்று பாவம் அவன்மேல் பழி போட்டாள் உம்முடைய அக்கா.

வியாழக்கிழமை வாரும். "உம்மாவை மாற்றி இருத்தியது நான்தான்" என்று ஒரு வசனம் சொல்லும். உமக்கு ஓர் எச்சரிக்கையோடு போகும். எனக்கு இந்த வேலைதான் சோறு. நீர் வராவிட்டாலும், சீலாவை நினைத்தால் நான் உம்முடைய பெயரைச் சொல்ல ஏலாது என்பது உமக்கு நன்றாகத் தெரியும். என்னை எரிக்கிறது அதுதான்.

மாதா உம்மையும் பிள்ளைகளையும் காக்கட்டும். உமக்கு நல்ல புத்தியும் தரட்டும்.

கீழே என்ன எழுதுவது என்று யோசித்துப் பார்த்தேன். அத்தான் என்று எழுதினால் உறவைக் காட்டிக் கெஞ்சுவதாகிவிடும். முழுப் பெயரை எழுதினால் முறைப்பாடாகிவிடும். ஒன்றும் எழுதாமலே தபாலில் போடுகிறேன்.