வேன் ஆடும், வீடு ஆடாது

அன்புள்ள மலருக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், காலடிப்பேட்டை கருணாகரன் குடும்பத்தின் தலைமை எழுத்தராக விமல் ஆகிய நான் இன்று காலை பதவியேற்றேன், விழாவில் பழைய சோறு பரிமாறப்பட்டது. நைனாவின் வலது கையில் கட்டு, ஆகவே சொல்வது அவர், கிறுக்குவது நான். இனி வரும் 'நான்' எல்லாம் நைனா, அடைப்புக்குறிக்குள் மட்டும் உன் தம்பி.

நலம் என்று சொல்ல வாய் வரவில்லை மலரு, உயிர் மிச்சம் இருக்கிறது, நீயாவது நலமாக இரு. நம் மீன் வறுவல் வேன் எரிந்தது உனக்குத் தெரியும், போனில் உன் அம்மா அழுத அழுகையில் எப்படி எரிந்தது என்று சொல்ல முடியவில்லை. நீயும் அந்த வெளிநாட்டு ஊர் வாடகை கட்டுப்படியாகாமல் பழைய வேன் வாங்கி அதிலேயே படுக்கப் போகிறாய், கரண்டு வேலையும் நீயே பார்க்கிறாய் என்பதால் இதை எழுதச் சொல்கிறேன். கண்டெய்னர் லாரி ஓடிக் குழியான எண்ணூர் ரோட்டில் வேன் ஆடி ஆடி, உள்சுவர்ப் பலகைக்குப் பின்னால் ஒயர் முறிந்து பொறி பறந்திருக்கிறது, சிலிண்டரை இழுத்து வெளியே போட்டதில் என் கை வெந்தது, இரண்டு விரல் இனி மடங்காது என்கிறார் டாக்டர். எரிந்ததைப் பார்த்த எலக்ட்ரீஷியன் திருமுருகன், இன்னா நைனா, வூடு நின்னுகினு கீது, வண்டி ஆடிகினு ஓடுது, ரெண்டுக்கும் ஒரே கம்பியா என்று கேட்டான். நான் விமலிடம் பல இழை செம்பு ஒயர்தான் வாங்கச் சொன்னேன், வண்ணாரப்பேட்டைக் கடைக்காரன் வேறெதையோ கொடுத்து ஏமாற்றிவிட்டான், கட்டு பிரித்ததும் அவன் சட்டையைப் பிடிக்கப் போகிறேன். (ஒயரில்தான் கோளாறு, அதை இழுத்து மாட்டிய என் கையில் இல்லை. ஒரே மதியத்தில் மொத்த வேனையும் முடித்தேன், எண்ணூர் வரைக்கும் எவனாலும் முடியாது.)

நீ மெல்லிய இழைகளை முறுக்கிய செம்பு ஒயராகப் பார்த்து வாங்கு, ஃபிரிட்ஜ் இழுக்கும் கரண்டைத் தாங்கும் கனம் வேண்டும், ஒவ்வொரு லைனுக்கும் ஃபியூஸ் போடு, தகரத்தைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் வை. சாக்கெட் அங்கேயே வாங்கு, நம்மூர்ப் பின் சேராது, ஆட்டத்தில் திருகு தளராததாகக் கேட்டு வாங்கு. (சாக்கெட்டில் சாக்குச் சொன்னால் ஷாக்கெட். நைனா சிரிக்கவில்லை.) பலகை அடித்து மூடுவதற்கு முன் விவரம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டு. நம் தெரு டெரிக் வெள்ளிக்கிழமை உன் ஊருக்குக் கிளம்புகிறான், கருவாடும் ஒயர் முனையை நசுக்கிப் பிடிக்கும் கொறடும் கொடுத்தனுப்புகிறேன், அவன் வரும்வரை எதையும் தொடாதே. நேரத்துக்குச் சாப்பிடு. ஒரு குறையும் அண்டாமல் அம்மன் உன்னைப் பார்த்துக்கொள்ளட்டும்.

உன் நைனா
கருணாகரன் (இடது கைப் பெருவிரல் ரேகை)

மலரு, நைனா மாத்திரை போட்டுப் படுத்துவிட்டார், இது நான் மட்டும். அந்தக் கடைக்காரனை நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கேரம் மேட்ச், வண்ணாரப்பேட்டைக்குப் போகச் சோம்பல். கம்பத்திலிருந்து வீட்டுக்கு இழுத்ததில் மிஞ்சிப் பரணில் கிடந்த சர்வீஸ் ஒயர், ஒற்றை அலுமினியக் கம்பி, அதையே இழுத்துப் பலகையை அடித்து மூடிவிட்டேன். பல இழையாடா என்று கேட்டார், நூறு இழை நைனா என்றேன். போன மாதம் உனக்கும், கம்பின்னா கம்பிதான், கீறத போடு என்று வாய்ஸ் அனுப்பினேனே, அதை அழித்துவிடு, அப்படிப் போட்டிருந்தால் பிடுங்கிவிடு, அதுவரை அந்த வேனில் படுக்காதே. இந்தப் பக்கத்தை இப்போதே போட்டோ எடுத்து உனக்கு அனுப்புகிறேன். அவர் கடைக்குப் போவதற்குள் அவரிடமும் சொல்லியாக வேண்டும். மூன்று தடவை சொல்ல வாயெடுத்தேன், மூன்று தடவையும் ஜோக்குதான் வந்தது.